ஒரு செர்ரி மரம் பள்ளிக்கூடம் போன கதை

அந்த மரத்தை யாரும் வெட்டிச் சாய்க்கவில்லை. 1806-இல் அச்சான புத்தகத்தில் இருப்பது இவ்வளவுதான்: ஆறு வயதுப் பையன் ஒருவனுக்குக் கைக்கோடாரி கிடைக்கிறது. கையில் கோடாரி வந்த பிள்ளை சும்மா இருக்குமா? அம்மா பட்டாணிக் கொடிக்கு நட்டு வைத்திருந்த குச்சிகளை முதலில் பதம் பார்க்கிறான். பிறகு தோட்டத்தில் நின்ற இளம் செர்ரி மரத்தின் பட்டையைக் கண்டபடி கொத்தி உரித்துவிடுகிறான். மறுநாள் காலையில் அப்பா வந்து பார்க்கிறார். ஐந்து கினி பொன் கொடுத்தாலும் அவர் விட்டுத்தர மாட்டாத மரம் அது. யார் வேலை என்று வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துக் கோடாரியும் கையுமாகப் பையன் வந்து நிற்கிறான். கொஞ்சம் தடுமாறுகிறான். பிறகு, தன்னால் பொய் சொல்ல முடியாது, செய்தது தான்தான் என்கிறான். அப்பா அவனை வாரி அணைத்துக்கொள்கிறார். வெள்ளிப் பூவும் தங்கப் பழமுமாகக் காய்க்கும் ஆயிரம் மரங்களைவிட இந்த ஒரு செயல் உயர்ந்தது என்று கொண்டாடுகிறார்.

பையன் பெயர் ஜார்ஜ் வாஷிங்டன். அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர். இப்படி ஒன்று நடந்ததற்கு எந்தச் சான்றும் இல்லை. ஆனாலும் இருநூறு ஆண்டுகளாக, அமெரிக்கக் குழந்தைகள் தங்கள் நாட்டின் வரலாறு என்று முதன்முதலில் கேட்ட கதைகளில் இது ஒன்று. கடல் கடந்து, நம்மூர் நீதிபோதனை வகுப்பு வரைக்கும் வந்து சேர்ந்த கதையும்கூட. ஒரு நாடு தன் சின்னஞ்சிறு பிள்ளைகளிடம் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறது, எதை மறைத்துக்கொள்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள இந்தக் கதையின் பின்னாலேயே நடந்து போனால் போதும்.

எழுதியவர் மேசன் லாக் வீம்ஸ். 1759-இல் மேரிலாந்தில் பிறந்தவர். 1784-இல் குருப்பட்டம் பெற்ற பாதிரியார். பிறகு பிலடெல்பியா பதிப்பாளர் மேத்யூ கேரியின் புத்தகங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக விற்கப் போனார். நியூயார்க் தொடங்கி ஜார்ஜியா வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்த வண்டி ஓடியது. பிடில் வாசிப்பார், சந்தையில் கூட்டம் சேர்ப்பார், பிரசங்கம் செய்வார், புத்தகம் விற்பார். எந்தப் புத்தகத்தை மக்கள் கையில் எடுத்துப் புரட்டிவிட்டு வைத்துவிடுகிறார்கள், எதற்குக் காசை அவிழ்க்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்.

1799 டிசம்பர் 14-இல் வாஷிங்டன் இறந்தார். அடுத்த மாதமே வீம்ஸ் கேரிக்குக் கடிதம் எழுதினார்: அவரைப் பற்றி ஏதாவது படிக்க மாட்டோமா என்று லட்சக்கணக்கானோர் காத்திருக்கிறார்கள், என்னிடம் கையில் இருக்கிறது என்று. 1800-இல் சுமார் எண்பது பக்கச் சிறு நூலாக வாஷிங்டன் வரலாறு வெளிவந்தது. அந்த முதல் பதிப்பில் செர்ரி மரம் கிடையாது. மரம் முளைத்தது ஐந்தாம் பதிப்பில். நடுவில் நடந்தது ஒன்று இருக்கிறது. தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் ஐந்து தொகுதிகளில் வாஷிங்டன் வரலாறு எழுதினார். அதற்கு முன்பதிவு பிடிக்கும் வேலையும் வீம்ஸுக்கே வந்தது. பெரிய நூல், கனமான ஆராய்ச்சி. ஆனால் முதல் தொகுதி முழுக்கக் குடியேற்றங்களின் வரலாறாகவே ஓடியது. வாஷிங்டன் பிறப்பதே இரண்டாம் தொகுதியில்தான். பணம் கட்டியவர்களின் முணுமுணுப்பை வாசலில் நின்று கேட்டவர் வீம்ஸ். அவருடைய அடுத்தடுத்த பதிப்புகளில் வாஷிங்டனின் குழந்தைப் பருவம் வளர்ந்துகொண்டே போனது.

கதை எங்கிருந்து கிடைத்தது? குடும்பத்துக்குத் தூரத்து உறவான ஒரு மூதாட்டி சொன்னார் என்கிறார் வீம்ஸ். பெயர் இல்லை. ஜார்ஜின் அப்பா அகஸ்டின் 1743-இல், பையனுக்குப் பதினோரு வயதில் இறந்துவிட்டார். வாஷிங்டன் தன் கைப்பட எழுதிய ஏராளமான தாள்களில் அப்பாவைப் பற்றி அரிதாகவே ஏதாவது வருகிறது. அந்த வெற்றிடத்தில்தான் வீம்ஸ் தன் மரத்தை நட்டார். புத்தக அட்டையில், வாஷிங்டனின் பண்ணைப் பெயரைச் சேர்த்து, தன்னை 'மவுண்ட் வெர்னன் பங்கின் முன்னாள் குரு' என்று வேறு போட்டுக்கொண்டார். அப்படி ஒரு பங்கே கிடையாது. பொய் சொல்லாத பையனின் கதையைத் தாங்கி வந்த அட்டையில் இது இருந்தது என்பதை நான் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை. ஆனால் வீம்ஸைப் போக்கிரி என்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை. சண்டையும் பதவியும் குழந்தைக்குக் கைக்கு எட்டாதவை; வீட்டுக்குள் நடக்கும் ஒழுக்கம் எட்டக்கூடியது என்று அவர் உண்மையாகவே நம்பினார். குழந்தைகள் பார்த்து நடக்கத்தக்க ஒரு குழந்தை வேண்டும் என்று தேடினார். கிடைக்கவில்லை. உண்டாக்கினார்.

1825-இல் தென் கரோலினாவில், விற்பனைப் பயணத்தின் நடுவிலேயே அவர் இறந்தார். அதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட பதிப்புகள் வந்துவிட்டன. அதில் ஒரு பிரதி இண்டியானாவின் மரக்குடில் ஒன்றுக்கும் போய்ச் சேர்ந்தது. 1861 பிப்ரவரியில், பதவி ஏற்கப் போகிற வழியில், ட்ரென்டன் நகரில் நியூஜெர்சி மேலவையில் பேசிய ஆபிரகாம் லிங்கன், சிறுவயதில் தான் படித்த வீம்ஸின் புத்தகத்தை நினைவுகூர்ந்தார். செர்ரி மரத்தைப் பற்றி அவர் அங்கே வாய் திறக்கவில்லை. மனத்தில் தங்கியது ட்ரென்டன் சண்டையும், வாஷிங்டனின் படை ஆற்றைக் கடந்ததும், அப்போது பட்ட பாடும்தான். அந்த மனிதர்கள் எதற்காகவோ இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள், அது சாதாரண விஷயமாக இருக்க முடியாது என்று அந்த வயதிலேயே தோன்றியதாகச் சொன்னார். எந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்க நினைக்கிறோமோ அதையே பிள்ளை எடுத்துக்கொள்ளும் என்பது நிச்சயமில்லை.

கதையைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோனவர் வில்லியம் ஹோம்ஸ் மெக்கஃபி. ஓஹையோவில் ஆக்ஸ்போர்டு என்ற சிற்றூர்; அங்கே மயாமி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், பிரஸ்பிட்டேரியன் சபையின் குரு. சின்சினாட்டி பதிப்பகம் ஒன்று மேற்குப் பகுதிப் பள்ளிகளுக்கு வாசிப்பு நூல்கள் வேண்டும் என்று கேட்டது. முதலிரண்டு புத்தகங்கள் 1836-இல் வந்தன. ஒப்பந்தப்படி அவருக்கு உரிமைத்தொகையாகக் கிடைக்கக்கூடிய உச்சவரம்பு 1,000 டாலர். அடுத்த நூறாண்டில் அந்த வரிசைப் புத்தகங்கள் பன்னிரண்டு கோடிப் பிரதிகள் அளவுக்கு விற்றதாகக் கணக்கு.

இரண்டாம் வாசிப்பு நூலில் செர்ரி மரம் பாடமாக வந்தது. வீம்ஸின் ஆரவாரமான நடை இறுகி, பையன் இன்னும் பணிவானவனாக மாறினான். பாடத்தின் அடியில் கேள்விகள்: பையன் ஒப்புக்கொண்டபோது அப்பாவுக்கு எப்படி இருந்தது? தப்பை ஒப்புக்கொண்டால் நமக்கு என்ன கிடைக்கும்? 1854-இல் ஜெர்மன் மொழிப் பதிப்பிலும் இந்தப் பாடம் இடம்பெற்றது. ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளும் அமெரிக்கராவதற்கு இதைப் படித்தார்கள். அந்தக் கேள்விகளைப் பாருங்கள். இது நடந்ததா, உனக்கு எப்படித் தெரியும், யார் சொன்னார் என்று ஒன்றுகூட இல்லை. வரலாறு என்ற பெயரில் குழந்தைக்குக் கிடைத்தது நல்லொழுக்கப் பாடம். வரலாற்றின் வேலை அதில் தொடங்கவே இல்லை.

அதே காலத்தில், கதை நடந்ததாகச் சொல்லப்படும் வர்ஜீனியாவில் ஒரு சட்டம் இருந்தது. 1831-இல் நிறைவேறிய அந்தச் சட்டம், கறுப்பின மக்களை ஒன்றுகூட்டி எழுதப் படிக்கச் சொல்லித்தருவதைக் குற்றமாக்கியது. உண்மை பேசிய பையனின் கதையை வாசிக்கும் உரிமை வர்ஜீனியாவின் எல்லாக் குழந்தைகளுக்கும் இல்லை.

கதையின் மண்ணுக்கு ஒரு நடை போய்விட்டு வரலாம். வர்ஜீனியாவில் ஃபிரெடரிக்ஸ்பர்க் நகருக்கு எதிர்க்கரையில், ரப்பஹானக் ஆற்றின் ஓரம் ஃபெர்ரி ஃபார்ம் என்ற பண்ணை. ஜார்ஜுக்கு ஆறு வயதாக இருந்த 1738-இல் குடும்பம் அங்கே குடிபெயர்ந்தது. உள்நாட்டுப் போரின்போது வடக்குப் படையினர் அங்கே கூடாரம் அடித்தார்கள். பள்ளிப் புத்தகத்தில் படித்த மரம் நின்ற இடத்திலேயே நிற்கிறோம் என்ற பரவசத்தில் வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். இல்லாத மரத்துக்கு இடமும் கிடைத்துவிட்டது. அதே படையினர் அந்தக் கரைக்கு வந்து சேர்ந்த 1862 ஏப்ரலில், எதிரே ஃபிரெடரிக்ஸ்பர்க் பக்கமிருந்து ஓர் இளைஞர் ஆற்றைத் தாண்டி அவர்களிடம் வந்து விடுதலை பெற்றார். அடிமையாக வளர்ந்தவர். அவர் பெயரும் வாஷிங்டன்தான், ஜான் வாஷிங்டன். தன் கதையைப் பின்னாளில் தன் கையாலேயே எழுதி வைத்தார். அது அச்சாகிப் பரவலாக வாசிக்கக் கிடைத்தது 2007-இல்.

பெரியவர்கள் செர்ரி மரத்தை நம்புவதை எப்போதோ விட்டுவிட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் முன்பே வாஷிங்டனின் வரலாற்றை எழுதிய அறிஞர்கள் வீம்ஸைத் தள்ளிவைத்துவிட்டார்கள். வகுப்பறை மட்டும் விடவில்லை. பிப்ரவரி வந்தால் பிள்ளைகள் சிவப்புத் தாளில் செர்ரி கத்தரித்து, பழுப்புத் தாளில் கோடாரி செய்து, தலையில் மூன்று முனைத் தொப்பி வைத்துக்கொள்வது பல தலைமுறைகளின் வழக்கம். பிப்ரவரி 22 வாஷிங்டன் பிறந்த நாள். 1971-லிருந்து அந்த விடுமுறை மாதத்தின் மூன்றாம் திங்கட்கிழமைக்கு நகர்ந்துவிட்டது.

ஐயோவா மாநில ஓவியர் கிராண்ட் வுட் 1939-இல் இந்தக் கதையை வரைந்தார். அந்தப் படம் இப்போது டெக்சாசின் ஃபோர்ட் வொர்த் நகரில், ஏமன் கார்ட்டர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முன்னால் வீம்ஸ் நின்று நாடகத் திரையை விலக்குகிறார். திரையின் ஓரக் குஞ்சங்கள் செர்ரிப் பழம் மாதிரியே தொங்குகின்றன. உள்ளே அப்பாவும் பிள்ளையும். பிள்ளையின் உடம்பு ஆறு வயதுக்குரியது. தலை மட்டும், டாலர் நோட்டில் பார்த்துப் பழகிய கிழட்டு வாஷிங்டனின் தலை. இதுவரை படத்தைப் பார்ப்பவர்கள் சிரித்துவிடுவார்கள். கண்ணைக் கொஞ்சம் பின்னால் ஓட்டினால் அங்கே இன்னொரு செர்ரி மரம், பழம் பறிக்கும் இரண்டு கறுப்பு மனிதர்கள். யாரும் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. வீம்ஸின் கதையில் அவர்களுக்கு இடமில்லை. மெக்கஃபியின் பாடத்திலும் இல்லை. அப்பா இறந்தபோது பதினோரு வயது ஜார்ஜுக்குச் சொத்தாக வந்தவை இந்தப் பண்ணையும் பத்து அடிமைகளும். பழம் பறித்தவர்களை நூற்று முப்பது ஆண்டு கழித்தாவது ஓர் ஓவியர் திரைக்குள்ளே கொண்டுவந்தார்.

ஆறு வயதுப் பிள்ளைக்கு அடிமைத்தனத்தைப் பற்றிச் சொல்லலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானது. பதில் சொல்ல வேண்டிய இடத்தில் எனக்கு ஞாபகம் வருவது இன்னோர் ஆறு வயதுக் குழந்தை.

வாஷிங்டன் குடியரசுத் தலைவராக இருந்தபோது பிலடெல்பியாவில் அவருடைய சமையலறையை ஆண்டவர் ஹெர்குலிஸ். பேர்பெற்ற சமையல்காரர், அடிமை. பென்சில்வேனியாவின் 1780-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளிமாநிலத்திலிருந்து வந்தவரின் அடிமை ஆறு மாதம் தொடர்ந்து அங்கே தங்கினால் விடுதலை கோரலாம். அதனால் கெடு முடியும் முன்பே அவர்களை மாநில எல்லைக்கு வெளியே அனுப்பித் திரும்ப அழைப்பதற்கு வாஷிங்டன் ஏற்பாடு செய்தார். காரணம் வெளியே தெரியக் கூடாது என்றும் தன் செயலாளருக்கு எழுதினார். பொய் சொல்லத் தெரியாத பையன் வளர்ந்து செய்தது இது. 1796-இன் இறுதியில் ஹெர்குலிஸை மவுண்ட் வெர்னன் பண்ணையில் நிறுத்திவிட்டார்கள். அடுப்படியில் கோலோச்சியவருக்கு அங்கே கிடைத்தது செங்கல்லுக்கு மண் தோண்டும் வேலை. 1797 பிப்ரவரி 22, வாஷிங்டனுக்கு அறுபத்தைந்து வயது நிறைந்த அன்று, ஹெர்குலிஸ் தப்பிப் போனார்.

இரண்டு மாதம் கழித்து, பின்னாளில் பிரான்சின் மன்னரான லூயி பிலிப், மவுண்ட் வெர்னனுக்கு விருந்தாளியாக வந்தார். அவருடைய பணியாள் அங்கே சமையல்காரரின் ஆறு வயது மகளைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தான்: அப்பாவை இனிப் பார்க்கவே முடியாதே, உனக்கு வருத்தமாக இருக்குமே என்று. குழந்தை சொன்னது, தனக்கு ரொம்பச் சந்தோஷம், அப்பாவுக்கு இப்போது விடுதலை கிடைத்துவிட்டதே என்பது. லூயி பிலிப் இதைத் தன் நாட்குறிப்பில் எழுதினார். குழந்தையின் பெயரை எழுதவில்லை.

செர்ரி மரத்துப் பையன் பேசியதை அறுபத்தெட்டு ஆண்டு கழித்து ஒரு புத்தக வியாபாரி எழுதினார். இந்தப் பெண் பேசியது சில நாட்களுக்குள் எழுத்தில் ஏறிவிட்டது. இரண்டு பேருக்கும் வயது ஆறு. இரண்டு பேரும், தன்னைவிடப் பெரிய ஒருவர் முன்னால், மறைக்காமல் மனத்தில் இருந்ததைச் சொன்னார்கள். பாடப்புத்தகத்துக்குள் போனது கற்பனைப் பையன்.

ஹெர்குலிஸ் குழந்தைகள் புத்தகத்துக்குள் வந்தபோது நடந்ததையும் சொல்லியாக வேண்டும். 2016 ஜனவரியில் ஸ்கொலாஸ்டிக் பதிப்பகம், வாஷிங்டனின் பிறந்தநாள் கேக்கைப் பற்றிய படக்கதை ஒன்றை வெளியிட்டது. எழுதியவர் ராமின் கணேஷ்ராம். கேக் செய்யச் சர்க்கரை தீர்ந்துபோய்விடுகிறது. ஹெர்குலிஸும் மகள் டீலியாவும் என்ன செய்தார்கள் என்பது கதை. படங்களில் எல்லோர் முகத்திலும் சிரிப்பு. ஹெர்குலிஸ் தப்பிப் போனது புத்தகத்தின் கடைசியில், கதை முடிந்த பிறகு வரும் குறிப்பில் மட்டும். அடிமைகளை இப்படிச் சிரிக்க வைத்துக் குழந்தைகளிடம் காட்டுவதா என்று கண்டனம் எழுந்தது. இரண்டே வாரத்துக்குள் பதிப்பகம் புத்தகத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஓவியங்கள் பற்றித் தான் முன்பே மறுப்புத் தெரிவித்திருந்ததாகக் கணேஷ்ராம் பின்னர் எழுதினார். கண்டனம் சரியானது என்பதே என் எண்ணம். குழந்தை படத்தைத்தான் முதலில் படிக்கிறது, பின்குறிப்பைப் படிப்பதில்லை.

கணேஷ்ராம் ஹெர்குலிஸை அத்தோடு விட்டுவிடவில்லை. இது எனக்குப் பெரிய ஆறுதல். தப்பிப் போன பிறகு அந்த மனிதர் என்ன ஆனார் என்பது இருநூறு ஆண்டுகளாக எவருக்கும் தெரியாது. 2019-இல் கனெக்டிகட் மாநிலத்து வெஸ்ட்போர்ட்டில் உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தில் பணியாற்றியபோது, அவரும் சக ஆய்வாளர் ஒருவரும் பழைய இறப்புப் பதிவேடுகளில் தேடினார்கள். வாஷிங்டனிடம் வருவதற்கு முன் ஹெர்குலிஸுக்கு எஜமானாக இருந்தவர் ஜான் போசி. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனதில், நியூயார்க்கில் 1812 மே 15 அன்று இறந்த, வர்ஜீனியாவில் பிறந்த ஹெர்குலிஸ் போசி என்பவர் கிடைத்தார். பதினைந்து ஆண்டுகள் சுதந்திரமாக வாழ்ந்திருக்கிறார். அவருடைய பிள்ளைகளுக்கு அது வாய்க்கவில்லை. வாஷிங்டனின் உயில் அவருடைய சொந்த அடிமைகளுக்கு விடுதலை அளித்தது. ஹெர்குலிஸின் பிள்ளைகள் வாஷிங்டனின் மனைவி மார்த்தாவின் முதல் கணவர் வழிச் சொத்தில் சேர்த்தி. உயிலின் கை அவர்களுக்கு நீளவில்லை.

மண்ணும் தன் பங்குக்குப் பேசியிருக்கிறது. ஃபெர்ரி ஃபார்மில் பல ஆண்டுகள் தோண்டிய தொல்லியலாளர்கள், வாஷிங்டன் வளர்ந்த வீட்டின் அடித்தளத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக 2008-இல் அறிவித்தார்கள். கோலிக்குண்டுகள், பொய்முடியைச் சுருட்டும் களிமண் உருளைகள், புகைக்குழாய்த் துண்டுகள் எல்லாம் கிடைத்தன. கோடாரியும் செர்ரி மரமும் இல்லை. 2024-இல் மவுண்ட் வெர்னன் மாளிகையின் நிலவறைத் தரைக்குக் கீழே ஐந்து குழிகளில் 35 கண்ணாடிப் புட்டிகள் கிடைத்தன. 29 புட்டிகள் உடையாமல் இருந்தன. சிலவற்றுக்குள்ளே செர்ரிப் பழங்கள், காம்பும் கொட்டையுமாக, சதைப்பற்றுக்கூட மிச்சம் இருக்க, இருநூற்றைம்பது ஆண்டுகளாக அப்படியே. பறித்து, கழுவி, புட்டியில் அடைத்துக் குழியில் வைத்தது அடிமைகளின் கைகள். வீம்ஸ் தேடிப்போன செர்ரியைவிட இது நல்ல செர்ரி. தொட்டுப் பார்க்கலாம், எண்ணலாம், யார் பறித்தார் என்று கேட்கலாம்.

இரண்டாம் வகுப்பு ஆசிரியர்களிடம் செர்ரி மரத்தைத் தூக்கி எறியுங்கள் என்று சொல்ல மாட்டேன். கதையை முழுசாகச் சொல்லுங்கள், பிள்ளைகள் ரசிக்கட்டும். பிறகு பலகையில் மூன்று எண்களை எழுதுங்கள்: பையனுக்கு ஆறு வயதான 1738, வாஷிங்டன் இறந்த 1799, மரம் அச்சில் வந்த 1806. கழித்தல் கணக்கு தெரிந்த பிள்ளைகளுக்கு மேற்கொண்டு நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது. அத்தனை வருஷம் யார் ஞாபகம் வைத்திருந்தார்கள் என்று அவர்களே கேட்பார்கள். அடுத்து 1797-ஐ எழுதி, பிப்ரவரி 22-ஐயும் ஏப்ரலையும் பக்கத்தில் போட்டு, சமையல்காரரின் மகளைப் பற்றிச் சொல்லுங்கள். அவள் பேசியதை யார் கேட்டார், யார் எழுதினார், எத்தனை நாள் கழித்து என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இதற்கு வகுப்பில் ஒரு மணி நேரம் வேண்டும். தாள் கோடாரி கத்தரிக்கவும் அவ்வளவு நேரம்தான் ஆகிறது.